மழையில் மேட்டுப்பாளையம் – கோத்தகிரி – ஊட்டி – குன்னூர்: சைக்கிளில் ஒரே நாளில் சுற்றி வருவது எப்படி

ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு ஏறி, குன்னூர் வழியாகத் திரும்ப மேட்டுப்பாளையத்துக்கே இறங்கும் சுற்று மொத்தம் 115 கிலோமீட்டர் வரும். சமவெளியில் இந்தத் தூரத்தைக் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே அது நடக்காது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர், நடுவில் இறங்கி இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் 2,300 மீட்டருக்கு மேல் மிதித்தே ஏற வேண்டும். மழையும் கூட வந்தால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை முழு நாள் வேலை. நான் இதை மழையில் நான்கு தடவை போயிருக்கிறேன். அதில் ஒரு தடவை முடிக்க முடியாமல் குன்னூரோடு நிறுத்திவிட்டு வண்டி பிடித்து இறங்கினேன். அந்த நான்கு தடவையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வரும். புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஏற்றம் கஷ்டம்தான், ஆனால் ஆபத்து அதில் இல்லை. ஏறும்போது உடம்பு அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருக்கும், மேலே எவ்வளவு மழை கொட்டினாலும் குளிர் தெரியாது, முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் கால் சும்மா இருக்கும், நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், எதிர்க்காற்று அடிக்கும், பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 53 கிலோமீட்டர் இறக்கம் இருக்கிறது. எப்போது கிளம்புவது, என்ன உடுத்துவது, எவ்வளவு சாப்பிடுவது, எங்கே நிறுத்துவது, எல்லாவற்றையும் அந்த 53 கிலோமீட்டரை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

எந்த மழையில் போகலாம், எதில் போகக்கூடாது

நீலகிரியில் மழை எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கத்தைத்தான் போட்டுப் புரட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதங்களில் கோத்தகிரி, குன்னூர் சரிவில் பெரும்பாலும் தூறலும் மூடுபனியுமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை வரும்போது நிலைமை தலைகீழ். அக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டுவது இந்தக் கிழக்குச் சரிவில்தான். 2009 நவம்பரில் இங்கே நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால் வானிலை மையம் நீலகிரிக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் போகவே வேண்டாம், மறுபேச்சே இல்லை. எச்சரிக்கை எதுவும் இல்லாவிட்டாலும், முந்தைய இரண்டு மூன்று நாட்கள் விடாமல் கொட்டியிருந்தால் மண் ஊறிப்போய் நிற்கும், இன்றைக்குத் தூறினாலே சரியும். அப்படிப்பட்ட நாளில் ரோட்டோரத்தில் புதிதாகச் செம்மண் தண்ணீர் வழிந்தாலோ, சின்னக் கற்கள் உருண்டு கிடந்தாலோ, அந்த இடத்தில் நிற்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், கடந்துவிடுங்கள்.

சாதாரண மழை, விட்டு விட்டுப் பெய்யும் மழை, மூடுபனியோடு தூறுகிற மழை, இவற்றில் தாராளமாகப் போகலாம். இதை எழுதுவதே அதற்காகத்தான். மழையில் கோத்தகிரிச் சரிவு அவ்வளவு அழகு.

எந்தப் பக்கம் ஏறுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கோத்தகிரி பக்கம்தான். அங்கே வண்டிகள் குறைவு, மெதுவாக ஏறுகிறவனுக்கு நிம்மதி. குன்னூர் ரோடு அகலம், வழியில் கடைகள் உண்டு, பர்லியார் மாதிரி ஒதுங்கி நிற்க இடம் உண்டு, அதனால் இறங்குவதற்கு அது தோது. கோடை சீசனில் மட்டும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்கள், அப்போது இந்தச் சுற்றைத் தொடாதீர்கள். கூட உதவிக்குக் கார் வருகிறது என்றால் அதற்கு இ-பாஸ் முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

சைக்கிள்

பிரேக்கிலிருந்து ஆரம்பிப்போம். டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது. ரிம் பிரேக் சைக்கிளிலும் போகலாம், நான் முதல் இரண்டு தடவை அதில்தான் போனேன், ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நனைந்த ரிம்மில் பிரேக் பிடித்தால் முதல் ஓரிரு சுற்றுக்கு ரப்பர் தண்ணீரைத் துடைக்கத்தான் செய்யும், பிடிப்பு அதற்கப்புறம்தான் கிடைக்கும். அந்த ஓரிரு சுற்றுக்குள் நாலைந்து மீட்டர் போயிருப்போம். கிளம்புவதற்கு முந்தின நாள் பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள், ரப்பரில் போட்டிருக்கும் வெட்டுக்கோடு தேய்ந்து மறையப் போகிறது என்றால் மாற்றிவிடுங்கள். ரப்பரில் புதைந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்குகளையும் ஊசியால் குத்தி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரிம்மை அரம் மாதிரி அராவிவிடும். டிஸ்க் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஈர மண்ணில் பேட் தேய்கிற வேகம் வெயில் காலத்தில் தேய்வதைப் போல் பல மடங்கு. எதுவானாலும் ஒரு ஜோடி புதுப் பேட் பையில் இருக்கட்டும்.

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, 32 இன்னும் நல்லது. காற்றை எப்போதும் வைக்கிற அளவைவிடப் பத்து பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள்ளுங்கள், ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும். மழையில் பஞ்சர் அதிகம் ஆகும், ஏனென்றால் ஈரத்தில் கண்ணாடிச் சில்லு வழுக்கிக்கொண்டு ரப்பருக்குள் சுலபமாக ஏறிவிடுகிறது. ஈரமான டியூபில் போடுகிற ஒட்டும் நிற்காது. அதனால் ஒட்டுப் போடுகிற எண்ணத்தையே விட்டுவிட்டு இரண்டு டியூப் கொண்டுபோங்கள், அதையும் ஒரு கவரில் போட்டுக் கட்டி வையுங்கள். பழைய டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, குத்தியது எதுவென்று கண்டுபிடித்து எடுத்த பிறகுதான் புது டியூபைப் போட வேண்டும். மழையின் அவசரத்தில் இதை விட்டுவிட்டு இரண்டாவது டியூபையும் ஐந்தே நிமிடத்தில் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். முன்னால் சின்னச் சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 34 பல் என்றால் மிதி ஒரு சுற்று சுற்றும்போது டயரும் ஒரே சுற்று சுற்றும், சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். இதுதான் இந்த மலைக்கு ஏற்ற வேகம். பின்னால் 28 பல் மட்டும் உள்ள ரோடு பைக்கில் ஏறலாம், ஆனால் தொட்டபெட்டா பக்கம் போய்ச் சேரும்போது முழங்கால் வலிக்க ஆரம்பித்திருக்கும், இறக்கத்துக்குத் தேவையான தெம்பு போயிருக்கும்.

மட்கார்டு கட்டாயம். அழகுக்காக அதைக் கழற்றி வைத்திருப்பவர்கள் அன்றைக்கு மட்டுமாவது மாட்டிக்கொள்ளுங்கள், பின் சக்கரம் வாரி இறைக்கிற சேற்றுத் தண்ணீர் முதுகையும் இடுப்பையும் நனைத்துவிட்டால் அப்புறம் என்ன உடுத்தியும் பிரயோஜனம் இல்லை. செயினுக்கு ஈரக் காலத்துக்கென்று விற்கும் கெட்டி எண்ணெய் போட்டு, ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி சேர்வதற்குள் போட்டதில் பாதி கழுவிக்கொண்டு போயிருக்கும். பின்பக்கச் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும், மூடுபனியில் பஸ் டிரைவருக்கு நாம் தெரிவதே அதை வைத்துத்தான்.

உடை

பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்த பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, மேலே மழைக் கோட்டு. பஸ் ஸ்டாண்டில் விற்கும் அகலமான போர்வை மாதிரி ரெயின்கோட்டு காற்றில் பாய்மரமாக விரியும், இறக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு போவது ஆபத்து. உடம்போடு ஒட்டிய, பின்பக்கம் கொஞ்சம் நீளமான ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஜாக்கெட்டும் மூன்று நான்கு மணி நேர மழையைத் தாங்காது, கடைசியில் உள்ளே நனைந்துதான் தீரும், அது காற்றைத் தடுத்தாலே போதும்.

முக்கியமான விஷயம், ஒரு முழு செட் உலர்ந்த மேலுடுப்பு: உள்ளாடை, முழுக்கை பனியன், ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு ஜோடி கையுறை. இதை இரண்டு கவரில் போட்டு இறுகக் கட்டிப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். ஏறும்போது எவ்வளவு நனைந்தாலும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அதைப் பிரிக்கக்கூடாது. அது ஊட்டிக்குப் போன பிறகு பிரிக்க வேண்டிய பொட்டலம். கூடவே பாத்திரம் கழுவ வைத்திருக்கும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி, கொஞ்சம் பெரிய அளவில். உலர்ந்த கையுறைக்கு மேல் இதை மாட்டிக்கொண்டால் விலை உயர்ந்த எந்தக் கையுறையும் இதற்கு ஈடில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்கும் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது, எனவே கொண்டுபோகிற கவரை ஒன்று விடாமல் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீருக்கு உங்கள் சைக்கிள் பாட்டிலே போதும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம்.

கிளம்புவதும் ஏறுவதும்

வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று நாலரை மணிக்கே கிளம்பிவிடாதீர்கள். பவானி ஆற்றைத் தாண்டி கோத்தகிரி ரோட்டில் திரும்பினாலே யானை நடமாடும் காடுதான். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் ரோட்டுக்கே வந்து நிற்கும், மற்ற மாதங்களிலும் வராது என்று சொல்ல முடியாது. காலை ஆறேகால் மணிக்கு, ஒன்றிரண்டு பஸ் மேலே போன பிறகு கிளம்புவது என் வழக்கம். யானை தெரிந்தால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள், பெரிய வண்டி ஏதாவது வரும்வரை காத்திருங்கள், ஓரமாகப் புகுந்து போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். சராசரியாக நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர் ஏற்றம். கேட்க லேசாக இருக்கும், ஆனால் நடுவில் மூச்சு வாங்க இடமே கொடுக்காமல் ஏறிக்கொண்டே இருப்பதுதான் இதன் குணம். முதல் பத்து கிலோமீட்டரில் உங்களுக்குத் தெம்பு பொங்கும், தூறல் முகத்தில் விழும், கீழே சமவெளி மேகத்துக்குள் மறையும், கால் தானாக வேகம் பிடிக்கும். அங்கேதான் அடக்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்குத்தான் மிதியுங்கள். பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் பயணம், ஓட்டிப் பழகியவர்கள் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், அதாவது மணிக்குப் பதினைந்து என்ற கணக்கிலேயே இருப்பார்கள், அந்தக் கணக்கை இங்கே மறந்துவிடுங்கள். நிறுத்துவது எல்லாம் சேர்த்து மணிக்குப் பத்து வந்தால் போதும்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு சின்ன விஷயம். நாம் இடது பக்கம் போகிறவர்கள், அதனால் இடது வளைவில் உள்பக்கமாகப் போக நேரிடும், அங்கே ரோடு சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். முன்னும் பின்னும் பார்த்து வண்டி இல்லை என்று உறுதியானால் கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்கி ஏறினால் பாதி பாரம் குறையும். பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், முழு ரோடும் அதற்குத் தேவை.

சாப்பாட்டைப் பசிக்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு, அது கிட்டத்தட்ட இரண்டு பெரிய வாழைப்பழம். நான் பொடி தடவிய இட்லியை வாழை இலையில் தனித்தனியாக மடித்துக் கொண்டுபோவேன், ஒரு கையால் பிரித்துச் சாப்பிடலாம், மழையில் நனைந்தாலும் கெடாது. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை, எதுவானாலும் சரி, அரை மணிக்கு ஒரு தடவை வாய்க்குள் ஏதாவது போய்க்கொண்டே இருக்கட்டும். மழையில் தாகம் தெரியாது. ஆனால் ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும், மணிக்கு அரை லிட்டராவது குடியுங்கள். உடம்பில் எரிக்க ஏதாவது இருந்தால்தான் கடைசியில் குளிரைத் தாங்கும், வயிறு காலியாக ஊட்டியிலிருந்து இறங்குகிறவன் மற்றவர்களைவிடச் சீக்கிரம் நடுங்க ஆரம்பித்துவிடுவான்.

கோத்தகிரிக்குப் பத்தேகாலுக்குள் வந்துவிட்டால் நாள் சரியாகப் போகிறது என்று அர்த்தம். அங்கே உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள், ஆனால் அரை மணிக்கு மேல் வேண்டாம், உடம்பு ஆறிப்போனால் மறுபடி கிளப்புவது பெரிய பாடு.

கட்டபெட்டு

இந்த நாளின் முக்கியமான முடிவை எடுக்க வேண்டிய இடம் கட்டபெட்டு. கோத்தகிரியிலிருந்து வரும் ரோடு இங்கே இரண்டாகப் பிரிகிறது, ஒன்று குன்னூருக்கு, ஒன்று ஊட்டிக்கு. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். பதினொன்றரை மணி தாண்டிவிட்டதா? மழை வலுக்கிறதா? கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொட முடிகிறதா? கூட வருகிறவர் கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாரா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் குன்னூர் பக்கம் திரும்பிவிடுங்கள். சுற்று சின்னதாகும், உயரத்தில் கழிக்கும் நேரமும் குறையும். அப்படியும் அது ஒரு நல்ல நாள்தான், இதில் எந்த வெட்கமும் இல்லை.

எல்லாம் சரி என்றால் ஊட்டிப் பக்கம் ஏறுங்கள். இங்கேயிருந்து கேரட்டும் உருளையும் போட்ட மேட்டுச் சரிவுகள், நடுவில் தேயிலை, மூடுபனி விலகும் நேரத்தில் எதிர்மலையில் வரிசை வீடுகள். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கூட்டமாக நின்றால் அமைதியாகத் தள்ளிப் போகும்வரை விட்டுவிடுங்கள். கடைசியில் தைல மரங்களுக்கு நடுவே தொட்டபெட்டா சந்திப்பு வரும். அது ஊட்டியைவிட உயரம். இந்தச் சுற்றின் உச்சி அதுதான். மேட்டுப்பாளையத்தில் 26 டிகிரி இருந்திருந்தால் இங்கே 13, 14 இருக்கும், ஏனென்றால் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்குக் குறையும். அங்கே தாமதிக்காதீர்கள், ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கு இறங்குங்கள்.

ஊட்டியில் செய்ய வேண்டியது

ஏதாவது ஒரு கடைக்குள் போய், முதலில் ஈரத்தைக் கழற்றுங்கள். டீ அப்புறம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவை போனபோது ஊட்டியில் வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. குன்னூருக்கு 19 கிலோமீட்டர்தானே, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஈரச் சட்டையோடே கிளம்பிவிட்டேன். கேத்தி பள்ளத்தாக்கு தெரிகிற வளைவுக்கு வருவதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கை நடுங்குவது ஹேண்டில்பாரில் தெரிந்தது, முன் சக்கரம் தானாக ஆடியது. விரலை மடக்கினால் மடங்கவில்லை, கை முழுவதையும் பிரேக் லீவர் மேல் போட்டு, தோளால் இழுத்துத்தான் நிறுத்தினேன். ரோட்டோர டீக்கடை அக்கா என்னைப் பார்த்ததும் கேட்டது இரண்டே வார்த்தை: "மேட்டுப்பாளையமா தம்பி?" தலையை ஆட்டினேன், பேச்சு வரவில்லை. டீ கேட்டுக் கையை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை. "முதல்ல அந்த ஈரச் சட்டையக் கழட்டுங்க, அப்புறம் டீ" என்று சொல்லி விறகடுப்புப் பக்கம் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். உலர்ந்த சட்டையின் ஜிப்பை என்னால் ஏற்ற முடியவில்லை, அவர் மகன்தான் வந்து ஏற்றிவிட்டான். சுடுதண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் குன்னூரில் நிறுத்திவிட்டு, மார்க்கெட்டுக்கு கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு குட்டியானை மினி லாரியில் சைக்கிளை மூட்டை மேல் படுக்கவைத்து இறங்கினேன்.

அந்த அக்கா சொன்ன வரிசைதான் சரி. ஈரத் துணி உடம்பில் இருக்கும்வரை உள்ளே போகிற டீ அந்தத் துணியைச் சூடாக்கத்தான் உதவும். எனவே ஊட்டியில் பொட்டலத்தைப் பிரித்து உலர்ந்த பனியன், சாக்ஸ், கையுறை மாற்றுங்கள். அன்றைய செய்தித்தாள் ஒன்று வாங்கி நான்காக மடித்து பனியனுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள், காற்றை அப்படித் தடுக்கும். ரப்பர் கையுறை மாட்டுங்கள். அப்புறம் இரண்டு டீ, கூடவே வர்க்கி, இருந்தால் சூடாக ஏதாவது ஒரு சாப்பாடு. செயினுக்கு எண்ணெய், பிரேக் கேபிளின் தளர்ச்சியைத் திருகி இறுக்குவது, பேடைக் கண்ணால் ஒரு முறை பார்ப்பது, இவ்வளவும் இங்கேயே முடியட்டும். இரண்டரை மணிக்கு ஊட்டியை விட்டுவிட வேண்டும். நவம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், கல்லாறு பக்கம் அந்தி நேரத்தில் யானை கடக்கிற இடத்தில் நாம் இருக்கக்கூடாது. மூன்று மணி ஆகிவிட்டால் பஸ்ஸோ குட்டியானையோ பாருங்கள், காய்கறி வண்டிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டேதான் இருக்கும், தன்மையாகக் கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள்.

இறக்கம்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை உயரம் 1,900 மீட்டருக்கு மேல் குறைகிறது. நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்றால், அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் சக்தி ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பகுதி காற்றோடு போகும், மீதி எல்லாம் அந்த நாலு சின்ன பேடு வழியாகத்தான் போக வேண்டும். பிரேக்கை ஓயாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடேறும், பேட் கரையும், கையும் ஓய்ந்துபோகும். எனவே நேர் ரோட்டில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். வளைவுக்குள் சைக்கிள் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தால் ஈர ரோட்டில் சக்கரம் சறுக்கிவிடும்.

ரிம் பிரேக்காக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு வளைவுக்கும் முப்பது மீட்டர் முன்னதாகவே லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள். முதலில் 'ஷ்ஷ்' என்று வழுக்கலான சத்தம் வரும், அது தண்ணீர் துடைபடுகிற சத்தம். அது மாறி 'கர்ர்' என்று சொரசொரப்பாகக் கேட்டதும் பிடிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் அழுத்த வேண்டும். இரண்டு மூன்று வளைவுக்குள் இந்தச் சத்தம் காதுக்குப் பழகிவிடும்.

திரும்பும்போது வெளிப்பக்கக் கால் கீழே இருக்கட்டும், உடம்பின் பாரம் முழுக்க அந்த மிதியின் மேல். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். ரோட்டில் வரைந்த வெள்ளை, மஞ்சள் கோடுகளும் இரும்பு மூடிகளும் மழையில் சோப்பு மாதிரி வழுக்கும். தைல மர இலை ஒட்டிக் கிடக்கும் இடமும் ஓரத்துப் பாசியும் அப்படித்தான். வேகத்தடை மேல் போட்டிருக்கும் பட்டைக் கோடுகளை நிமிர்ந்தபடி, பிரேக் பிடிக்காமல் கடந்துவிடுங்கள். மலை ரயில் தண்டவாளம் குறுக்கே வந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் சிக்கி விழுவது நிச்சயம். பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்கிற மழையின் முதல் அரை மணி நேரம்தான் ரோடு மிக மோசமாக வழுக்கும், ஏனென்றால் வண்டிகள் சிந்திய எண்ணெய் தண்ணீரில் மிதந்து மேலே வந்துவிடும். அந்த அரை மணி நேரம் எங்காவது நின்றுவிடுவது நல்லது.

மூடுபனியில் வேகத்தை எப்படி முடிவு செய்வது? மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறோம். கண் பார்த்து கை பிடிக்கவே ஒரு வினாடிக்கு மேல் ஆகும், ஈரத்தில் நிற்பதற்கு இன்னும் ஆறேழு மீட்டர். ஆக 15 மீட்டருக்குள் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். ரோடு அதைவிடக் குறைவாகத் தெரிந்தால் இறங்கித் தள்ளுங்கள். குன்னூர் தாண்டியதும் வருகிற பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இருபதுக்கு மேல் நான் போவதே இல்லை. ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டால் வளைவுக்கு மேலேயே ஒதுங்கி நின்று, டிரைவர் கையைக் காட்டியதும் போங்கள். பின்னால் கார் அவசரப்படுத்தினால் இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள், ஆனால் ஓரச் சேற்றில் இறங்கிக்கொண்டே வழிவிடாதீர்கள், நின்று வழிவிடுங்கள்.

ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, விரல்களைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். நடுக்கம் வந்தால் குதியுங்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்று, பேச்சும் குழறினால் அது நல்ல அறிகுறி அல்ல, உடனே வண்டியில் ஏற்றிச் சூடான இடத்துக்கு, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பர்லியாருக்குக் கொஞ்சம் முன்பு காற்று மாறுவது முகத்தில் தெரியும். குளிர் விட்டு ஒரு வெதுவெதுப்பு, ஈர மண்ணும் பழமுமாக ஒரு வாசனை. கல்லாறு வந்து பாக்குத் தோப்புகளைப் பார்க்கும்போது ஜிப்பைத் திறந்துவிடத் தோன்றும். ஆனால் வேகத்தை அங்கே கூட்டாதீர்கள், களைப்பு கண்ணை மறைக்கிற நேரம் அது, மாலை நேர வண்டிகளும் அதிகம்.

வீட்டுக்கு வந்ததும்

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சைக்கிள் மேல் அன்றைக்கே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். ரிம்மில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறக் களிம்பு காய்ந்தால் கல்லாகிவிடும். குழாயைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் மண் போய்விடும். துணியால் செயினைப் பிடித்து மிதியைப் பின்னோக்கிச் சுற்றித் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய். சீட்டு நிற்கும் குழாயில் முதலில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு சீட்டை உருவி எடுங்கள், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள், பிரேமுக்குள் புகுந்த தண்ணீர் ஒழுகி வரும். முதல் தடவை எனக்கு அரை டம்ளர் வந்தது. நெஞ்சில் வைத்திருந்த செய்தித்தாளைக் கசக்கி ஷூவுக்குள் திணித்துவிட்டுப் படுங்கள். காலையில் அதை எடுத்துவிட்டு, பிரேக் பேடைக் கழற்றி, முந்தின நாள் மாட்டியபோது இருந்த தடிமனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.